போக்கிய வீடு

நாங்கள் குடியிருப்பது லிங்கராஜபுரத்தில், மேம்பாலத்துக்குச் சற்று அப்பால், ஒரு சந்தில். ‘எங்கள் வீடு’ என்று நான் சொல்லுவது வாய்ப் பழக்கம். அது எங்களுடையது அன்று. போக்கிய வீடு. எட்டு லட்ச ரூபாயை வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம். மாத வாடகை கிடையாது. காலி செய்யும் நாளில் கொடுத்த பணம் வட்டியில்லாமல் திரும்பும். பெங்களூரில் வளர்ந்த நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுவதில்லை.

என் தந்தையார் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கர். அம்மா தையல் வேலை செய்கிறாள். 2020-ல் இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு ஏழு லட்சம். ஏழை என்று சொல்லிக்கொள்ள வெட்கம். வீடு வாங்கவோ வழியில்லை. இத்தகையவர்களுக்காகவே மத்திய அரசு 2017-ல் பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்தை விரிவாக்கியது. ஆண்டு வருமானம் 6 லட்சத்துக்கு மேல் 12 லட்சம் வரை இருந்தால், கடனில் முதல் 9 லட்சத்துக்கு 4 சதவீத வட்டிச் சலுகை. இருபது ஆண்டுச் சலுகையை இன்றைய மதிப்புக்குக் கணக்கிட்டு, ஏறக்குறைய 2 லட்சத்து 35 ஆயிரம் ரூபாயை முன்கூட்டியே அசலில் கழித்துவிடுவார்கள். அப்பா இதை ஒரு பழைய டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். கணக்கர் அல்லவா? கணக்கு சரியாகவே இருந்தது.

அவ்வாண்டுத் தொடக்கத்தில் அடுத்த தெருவிலேயே ஒரு சிறு பிளாட் விலைக்கு வந்தது. முப்பத்தெட்டு லட்சம். காகிதங்களைப் புரட்டிய வங்கி அலுவலர், “இது பி கத்தா சார். இதற்குக் கடன் தர வழியில்லை” என்றார். விவசாய நிலத்தை முறைப்படி மாற்றாமலும், விதியை மீறியும் எழுந்த கட்டடங்களை அந்தத் தனிப் பதிவேட்டில்தான் வைத்திருந்தார்கள். மாநகராட்சி வரியை மட்டும் தவறாமல் வாங்கிக்கொண்டது! கடன் இல்லையேல் வட்டி ஏது? வட்டி இல்லையேல் சலுகை ஏது?

காகிதம் சுத்தமான வீடு, எங்கள் கைக்கு எட்டும் விலையில், ஓசகோட்டைப் பக்கம் கிடைத்தது. அதற்கும் காரணம் உண்டு. 2016 ஜூன் முதல் 2022 மார்ச் வரை அனுமதி பெற்ற சிறு வீட்டுத் திட்டங்களுக்கு, கட்டுபவரின் லாபத்துக்கு வருமான வரி விலக்கு இருந்தது. நிலம் மலிவாயுள்ள இடத்தில்தானே அவர் கட்டுவார்? அம்மா ஒரே கேள்வி கேட்டாள்: “அங்கே யாருக்குடா நான் ரவிக்கை தைப்பேன்?”

எங்களுக்கு அருகேயுள்ள எச்.பி.ஆர். லேஅவுட், பெங்களூர் வளர்ச்சிக் குழுமம் நிலம் எடுத்து, மனைகளாகப் பிரித்து ஒதுக்கிய பகுதி. அப்பாவின் பழைய மேலதிகாரி ஒருவருக்கு அங்கே மனை கிடைத்தது. குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்தாம் அவரும். அன்று மனையைக் கொடுத்த அரசு, எங்கள் காலத்தில் வட்டியைக் கொடுக்கிறது. வட்டிக்குள் குடியிருக்க முடியுமா, சொல்லுங்கள்!

கொரோனா வந்தது, நடுத்தர வருவாயினருக்கான சலுகை 2021 மார்ச் 31-ஓடு முடிந்தது. 2024 செப்டம்பரில் புதிய திட்டம் பிறந்திருக்கிறது: வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் விலை 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதச் சலுகை. ஐந்து தவணைகளில் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை கிடைக்கும். எங்கள் வருமானம் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறது. அடுத்த தெருப் பிளாட் அன்றைக்கே அந்த விலையைத் தாண்டியது.

போக்கியக் கெடு வைகாசியோடு முடிகிறது. வீட்டுக்காரர் இன்னும் இரண்டு லட்சம் கேட்கிறார். நேற்றிரவு அப்பா டைரியை எடுத்து, பழைய தொகையை அடித்துவிட்டு, அதன் கீழே 1,80,000 என்று எழுதினார்.