டைல்ஸ் சுவரின் பின்புறம்

தமிழகத்து வீடுகளில் குளியலறைச் சுவருக்கும் சமையலறை மேடையின் பின்சுவருக்கும் ஒட்டப்படும் டைல்ஸ் பெரும்பாலும் குஜராத் மாநிலத்து மோர்பியில் சுடப்பட்டு லாரியில் வந்து சேர்பவை. தரைக்கு இடப்படும் விட்ரிஃபைடு டைல் தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. சுவருக்கென்றே செய்யப்படும் செராமிக் டைலோ 10 விழுக்காட்டுக்கும் மேல் உறிஞ்சும். முன்புறம் கண்ணாடிப் பூச்சு நீரைத் தடுத்தாலும் பின்புறம் தண்ணீரைக் குடிக்கும் இந்தத் தன்மைதான் எந்தப் பசையை வாங்குவது, டைலை ஊற வைப்பதா வேண்டாமா என்பதையெல்லாம் முடிவு செய்கிறது. ஆயினும் வீட்டுக்காரரின் கவனமும் பணமும் முன்புறத்து நிறத்திலும் பூவேலையிலுமே பெரும்பகுதி செலவாகிவிடுகின்றன.

சென்னைப் புறநகரில் பூச்சு வேலை முடிந்து நிற்கும் ஒரு வீட்டின் குளியலறையை எடுத்துக்கொண்டால் கணக்கு எளிதில் விளங்கும். 5 அடிக்கு 8 அடி அறையின் நான்கு சுவர்களும் சேர்ந்து 26 அடி நீளம். 7 அடி உயரத்துக்கு ஒட்டினால் 182 சதுர அடி. கதவுக்குக் கழித்தால் ஏறத்தாழ 165. வெட்டும்போது உடைவதற்கும் வீணாவதற்கும் நூற்றுக்குப் பத்து என்று சேதாரம் சேர்த்தால் 181 சதுர அடி வரும். 1 அடிக்கு 1.5 அடி டைல் ஆறு கொண்ட ஒரு பெட்டி சுமார் 8.7 சதுர அடியை மூடும் என்பதால் 21 பெட்டிகள் வேண்டும். அத்தனை பெட்டியிலும் ஷேடு எண் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு சூளைக் கட்டில் வெந்த டைல் கடையில் ஒன்றுபோலத் தோன்றினாலும் சுவரில் ஏறியபின் தனியே தெரியும்.

இந்த அறையில் வேலை செய்பவர்கள் இருவர்: ராஜஸ்தானிலிருந்து வந்த ஒட்டுக்காரர் ஒருவர், கலவை போட்டுக் கொடுக்கும் உள்ளூர்ச் சித்தாள் ஒருவர். ஒட்டுக்காரரின் சாக்குப்பையில் ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், நூல், கொலுறு, ஓரத்தில் பல் வெட்டிய கரண்டி, ரப்பர் சுத்தியல், கட்டிங் மெஷின் ஆகியவை இருக்கின்றன. அவர் முதலில் தொடுவது டைலை அன்று, தூக்குக்குண்டையே. சுவர் எங்கே துருத்துகிறது, எங்கே உள்வாங்குகிறது என்று பார்த்து, துருத்தலை உளியால் கொத்தி, பள்ளத்தைக் கலவையால் நிரவிய பிறகே அடுத்த வேலை. மேலும், அடிவரிசையை விட்டுவிட்டு இரண்டாம் வரிசையின் மட்டத்தில் ஓர் அலுமினியப் பட்டியை ஆணியடித்து நிறுத்தி, அதன்மீதிருந்தே மேல்நோக்கி ஒட்டிச் செல்கிறார். தரைக்கு வடிகாலை நோக்கி வாட்டம் கொடுத்த பின்புதான் அடிவரிசை ஒவ்வொரு டைலும் எவ்வளவு உயரத்துக்கு வெட்டப்பட வேண்டும் என்பது தெரியவரும் என்பதே இதற்குக் காரணம்.

ஒட்டுவதற்கு இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. சிமெண்டும் மணலும் கலந்து, டைலின் பின்புறம் சிமெண்ட் பால் தடவி ஒட்டுவது பழைய வழி. இதற்கு டைலை முன்கூட்டியே நீரில் ஊற வைக்க வேண்டும், இல்லையெனில் கலவையின் ஈரத்தை டைலே குடித்துவிட, சிமெண்ட் இறுகுவதற்கு நீர் மிஞ்சாது. சந்தையில் டைல் அடெசிவ் எனப்படும் பசைத்தூள் இரண்டாம் வழி. சிமெண்ட், நுண்மணல், ஈரத்தைப் பிடித்து வைக்கும் செல்லுலோஸ் வகைப் பொருள், பாலிமர் ஆகியவை சேர்ந்த இத்தூளுக்கு டைலை ஊற வைக்கக் கூடாது. இதற்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 15477, பையின்மேல் இந்த எண்ணையும் வகையையும் பார்த்து வாங்குவது நல்லது. 3 மி.மீ. கனத்தில் 20 கிலோ பை ஏறத்தாழ 50 சதுர அடிக்கு வரும். ஆகவே மேற்சொன்ன அறைக்கு நான்கு பைகள் போதும். சுவர் மட்டமில்லாவிட்டால் இந்தக் கணக்கு நிற்காது; பள்ளத்தைப் பசையால் நிரப்பப் பார்க்கும் வீட்டில் பைகள் கரைந்துகொண்டே போகும்.

பசை நன்றாக இருந்தாலும் கெடுவது அதைப் பூசும் முறையில்தான். நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வோர் உருண்டை வைத்து அழுத்திவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வேலை விரைவில் முடியும், ஆனால் உருண்டைகளுக்கு இடையே காற்று தங்கி, தட்டினால் பொள்ளல் ஓசை வரும், பின்னாளில் துண்டுக்கம்பி மாட்டத் துளையிட்டால் அந்த இடத்திலேயே விரியும். இங்குள்ள ஒட்டுக்காரர் பல் கரண்டியால் ஒரே திசையில் வரிவரியாகச் சீவி, டைலை வரிகளுக்குக் குறுக்கே சற்று நகர்த்தி அழுத்துகிறார். இடையிடையே ஒன்றைப் பெயர்த்தெடுத்துப் பின்புறம் முழுவதும் பசை பற்றியிருக்கிறதா என்று பார்க்கிறார். பசையை விரலால் தொட்டு, ஒட்டவில்லையென்றால் சுரண்டி எறிகிறார். இறுகத் தொடங்கிய கலவையில் மீண்டும் நீர் ஊற்றச் சித்தாள் கை நீட்டும்போது, “வேணாம், புதுசா போடு” என்று அரைத் தமிழில் தடுக்கிறார். கூலியைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டு இந்த நிதானத்தையும் எதிர்பார்ப்பது வீட்டுக்காரர்களின் முரண்.

டைல்களுக்கு நடுவே 2 அல்லது 3 மி.மீ. இடைவெளி விட ஸ்பேசர் என்னும் சிறு பிளாஸ்டிக் சிலுவைகள் போதும். ஒட்டி ஒருநாள் கழித்து அந்த இடைவெளியைக் கிரவுட் கொண்டு நிரப்புவர். வெள்ளை சிமெண்ட் மலிவு, ஆனால் நாளடைவில் கறுக்கும். எபாக்சி கிரவுட் கறையும் நீரும் ஏற்காது, விலையும் கைவேலையும் கூடுதல்.

வெட்டும் வேலை மட்டும் வாசலில் நடக்கிறது. கட்டிங் மெஷினை உலர்ந்த டைலில் ஓட்டும்போது எழும் வெண்புழுதியில் சிலிக்கா உண்டு. ஆண்டுக்கணக்கில் அதைச் சுவாசிப்பவர்களுக்கு வரும் சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய்க்கு முழுக் குணம் கிடையாது. சித்தாளின் விரலிடுக்கில் தோல் உரிந்திருப்பது சிமெண்டின் காரத்தால். வெட்டும் இடத்தில் நீர் சொட்டவிட்டால் புழுதி பெருமளவு அடங்கும். முகக்கவசமும் ரப்பர் கையுறையும் ஒரு பெட்டி டைலின் விலைகூட ஆகாது. எனவே, வீட்டுக்காரர்கள் கடைக்கு எடுத்துச் செல்லும் சீட்டில் டைல், பசை, கிரவுட் ஆகியவற்றோடு இவ்விரண்டையும் எழுதிக்கொள்ள வேண்டும்.