பிரியாமலே தீர்ந்த பிணி

சயரோகம் என்றதும் நோயாளிக்குத் தனிக் கோப்பை, தனிப் பாய் என ஒதுக்கிவைத்த குடும்பங்களை நாம் அறிவோம். பாலூட்டும் தாயையுங்கூடப் பிள்ளையிடமிருந்து பிரித்துச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பிய காலம் அது.

அப்பிரிவு அவசியந்தானா? 1956இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சியொன்று இதனையே சோதித்தது. ஏழை நோயாளர் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு கூறாக்கினர். ஒரு சாராருக்கு மருத்துவ நிலையம். மறுசாராருக்கு நெருக்கடி மிகுந்த சொந்த வீடு. இரு சாராருக்கும் ஐசோனியாசிட், பி.ஏ.எஸ். என்னும் அதே மருந்துகள், ஓராண்டு காலம். நிலையத்திலிருந்தோர் நல்லுணவும் ஓய்வும் பெற்றனர். வீட்டிலிருந்தோர்க்கு இரண்டுமே குறைவு. எனினும் 1959இல் முடிவு வெளியானபோது, குணமடைந்தோர் தொகையில் பெரும் வேற்றுமை காணப்படவில்லை!

நாம் ஆவலோடு தேடியது பிள்ளைகளின் கதியை. வீட்டில் சிகிச்சை பெற்றோருடன் வாழ்ந்தவர்களுக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவில்லையாம். ஆபத்து பெரிதும் மருந்து தொடங்குமுன்னரே நேர்ந்துவிடுகிறது.