சில்வண்டு கேட்காத காது

பொன்முடிக்குப் போகிற பாதையில் கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. மொத்தம் 22. இரண்டு வருஷத்துக்கு முன், ஒன்பதாவது வளைவில் காரை நிறுத்தி ஃபிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி சொன்னாள்: "சில்வண்டு என்ன போடு போடுது, காதை அடைக்குது!" நான் சுற்றிலும் பார்த்தேன். ஓடைச் சத்தம் கேட்டது. கீழே ஏதோ பஸ் கியர் மாற்றுவது கேட்டது. சில்வண்டு ஒன்றுகூட இல்லை. கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கேலி இல்லை என்று புரிந்தது.

அடுத்த வாரம் திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனை. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முடிவில் அந்தப் பெண் ஒரு வரைபடத்தை நீட்டினார். 2,000 ஹெர்ட்ஸ் வரை சமவெளி. 4,000ஐத் தொடும்போது மலைச்சரிவு. அதற்கு மேல் பாதாளம். "வயசானால் உள்ளதுதான் சார்" என்றார் மலையாளத்தில். மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வயது ஏற ஏற மேல்தட்டுதான் முதலில் சரிகிறது. உட்காதில் இருக்கும் நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. என் விஷயத்தில் வயசு மட்டும் குற்றவாளி இல்லை. வளைகுடாவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த வாக்மேனை இருபது வருஷம் முழுச் சத்தத்தில் காதில் மாட்டிக்கொண்டு திரிந்தவன் நான்.

ஒருவன் காதை எதற்காக இவ்வளவு பாடுபடுத்தினான் என்று கேட்டால் கதை மறுபடி பொன்முடிக்குத்தான் போகும்.

1980-ல் உத்தியோக நிமித்தம் திருவனந்தபுரத்துக்கு வந்தேன். வயது 22. நாகர்கோவில் பக்கத்துக்காரர் ஒருவர் பொன்முடி வழியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். தனிக்கட்டை. சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் ஏறினால் ராத்திரி அவர் வீட்டில் கஞ்சியும் பயறும் கிடைக்கும். பிறகு ரேடியோ. 1,100 மீட்டர் உயரம், அக்கம்பக்கத்தில் மோட்டார் கிடையாது. சிற்றலை அங்கே எடுத்தமாதிரி நகரத்தில் எடுக்காது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் என்பவர் ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். 1955-ல் ஆரம்பித்து 1996-ல் இறக்கும்வரை நடத்திய மனிதர். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அமெரிக்காவில் அவரை அதிகம் பேருக்குத் தெரியாது, உள்நாட்டுக்கு ஒலிபரப்பச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. பொன்முடியில் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது.

அண்ணாச்சி ஜாஸுக்கு வந்த வழி விசித்திரமானது. கோயில் திருவிழாவில் விடிய விடிய நாகசுரம் கேட்டு வளர்ந்தவர். ஜான் கோல்ட்ரேன் சொப்ரானோ ஸாக்ஸபோனில் வாசித்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' (1961) ஒருநாள் ரேடியோவில் வந்தது. கிட்டத்தட்ட பதினாலு நிமிஷம். ஒரே சுதியில் நின்று கொண்டு, மெட்டைச் சுற்றிச் சுற்றி வருகிற வாசிப்பு. "ராஜரத்தினம் பிள்ளை தோடியைப் பிடிச்சா விடமாட்டாரு. இந்த ஆளும் அதே ஜாதி தம்பி" என்றார். இசை விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை நான் பிற்பாடு படித்தேன். இதைவிட அதிகமாக எதுவும் சொல்லவில்லை.

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. கோல்ட்ரேன் தன் மகனுக்கு ரவிசங்கரின் ஞாபகமாக ரவி என்று பெயர் வைத்தவர். அவர் மனைவி ஆலிஸ் 1971-ல் வெளியிட்ட ஆல்பத்தின் பெயரில் இருக்கும் சச்சிதானந்தா, கோவை செட்டிப்பாளையத்துக்காரர். 1969-ல் வுட்ஸ்டாக் ராக் விழாவைத் தொடங்கி வைத்துப் பேசிய அதே சுவாமி. சார்லி மரியானோ என்ற அமெரிக்க ஸாக்ஸபோன்காரர் இங்கே வந்து நாகசுரமே கற்றுக்கொண்டார். பிரெஞ்சுக்காரர் மெஸ்ஸியான் நம் 'சங்கீத ரத்னாகர'த்தின் 120 தாளங்களில் ஊறித் திளைத்தவர். அந்நியச் சங்கீதம் என்று என் தகப்பனார் முகம் சுளித்தபோதெல்லாம் இந்தப் பட்டியலை ஒப்பிப்பேன். அவர் மசியவில்லை என்பது வேறு விஷயம்.

1975-ல் நியூயார்க் பக்கம் ஒரு கல்லூரியில் மேடையில் பதிவான 'ஷக்தி' ஆல்பம், வளைகுடா கள்ளக் காஸெட்டாக என் கைக்கு வந்தது. ஜான் மெக்லாக்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம். பாட்டரி தீரும்வரை கேட்டோம். 2024 டிசம்பரில் ஜாகிர் மறைந்தபோது அந்தக் காஸெட்டைத் தேடினேன். நாடா ஒட்டிப்போயிருந்தது.

ராக் விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை. பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' காஸெட்டைப் பெருமையாகக் கொண்டுபோனேன். அது இதயத்துடிப்போடு ஆரம்பிக்கும். முழுசாகக் கேட்டுவிட்டு, "ஆரம்பத்திலே லப்டப் நல்லாருக்கு. பெறகு ஏன் கெடுத்தான்?" என்றார். ஒரு வாரம் பேசவில்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986-ல் வந்தபோது ராசியானோம். பாக்கையும் தியாகராஜரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்த அந்த ஆல்பத்தில் இருவருக்கும் பங்கிருந்தது. ஜான் கேஜ் என்பவர் 1952-ல் நாலு நிமிஷம் முப்பத்து மூன்று விநாடிக்கு எதுவுமே வாசிக்காத ஒரு படைப்பை எழுதினார் என்று சொன்னபோது அண்ணாச்சி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். சில்வண்டுகள் கொட்டின. "இங்க தெனமும் ஓசியிலே கச்சேரி" என்றார்.

அந்தக் கச்சேரிதான் இப்போது எனக்கு இல்லை.

போனது என்ன என்று கணக்குப் பார்த்தேன். டிரம்ஸில் சிம்பலின் சிலிர்ப்பு போயிற்று. ஜால்ராவின் கூர்மை, தம்புராவின் மேலே மினுங்குகிற அந்தப் பொடி, எல்லாம் போயிற்று. இருப்பது என்ன? பியானோவின் கடைசிக் கட்டை 4,186 ஹெர்ட்ஸ்தான். அதாவது கட்டைகளின் அடிச்சுரங்கள் ஏறக்குறைய அத்தனையும் கேட்கிறது, பளபளப்பு மட்டும் இல்லை. பழைய காஸெட்டின் 'ஸ்ஸ்' இரைச்சலும் சுத்தமாகக் கேட்பதில்லை. லாபக் கணக்கில் இந்த ஒன்றைத்தான் எழுத முடிந்தது. பீத்தோவனைச் சொல்லி ஆறுதல் தராத நண்பரில்லை. பீத்தோவன் எழுதினார் சாமி, நான் கேட்பவன்.

காதுக் கருவி வாங்கினேன். பேச்சுக்கு அருமை. மனைவி ஒருமுறை சொன்னால் போதும் என்றாகிவிட்டது (இதை லாபத்தில் எழுதுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்). சங்கீதம் மட்டும் தகரத்தில் மணல் கொட்டியதுபோல் இருந்தது. இசைக்குத் தனியாகச் சரிசெய்து தரலாம் என்றார் அந்தப் பெண். சரிசெய்தார். தகரம் பித்தளையாயிற்று.

வடசேரியில் இருக்கும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். 86 வயது. உரக்கக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு, "எனக்குச் சில்வண்டு நின்னு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு தம்பி" என்றார்.

"சொல்லவேயில்லையே அண்ணாச்சி!"

"சொன்னா நீ பாட்டுக் கொண்டு வரமாட்டே. கீழ இருந்து கேளு. மேல விட்டுரு. அந்த 'லவ் சுப்ரீம்' இருக்குல்லா, அதுலே பாஸ்காரன் பின்னாடியே போ."

கோல்ட்ரேன் 1964 டிசம்பரில் பதிவு செய்தது அது. ஜிம்மி காரிசன் பாஸில் நாலே சுரங்களைத் திரும்பத் திரும்ப மீட்டுவார். நாற்பது வருஷமாக ஸாக்ஸபோனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவன், கருவியைக் கழற்றி வைத்துவிட்டு முதல் தடவையாக அந்த நாலு சுரத்தின் பின்னால் நடந்தேன். அவர் ஓரிடத்தில் கொஞ்சம் தாமதிக்கிறார். இதுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் அண்ணாச்சிக்குச் சொன்னேன். "அங்கதான்" என்றார்.

போன மாதம் மறுபடி பொன்முடி. உச்சியில் மூடுபனி. சீகாரப் பூங்குருவி ஒன்று சீட்டியடித்தது, மலையாளத்தில் சூளக்காக்கா என்பார்கள். அது கேட்டது! பறவைக் கூவலைச் சுரப்படுத்திய மெஸ்ஸியான், வாத்தியத்துக்கு எட்டாத உயரத்தில் அவை பாடுவதால் வேகத்தைக் குறைத்துக் கீழே இறக்கித்தான் எழுதினார். இந்தப் பறவை எனக்காகத் தானே இறங்கிப் பாடியது.

இறங்கும்போது கருவியைப் பெட்டியில் வைத்துவிட்டு, மனைவியிடம் சில்வண்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்லச் சொன்னேன். பதினெட்டாவது வளைவில் "இப்ப" என்றாள். பதினாலில், "நின்னுடுச்சு." பன்னிரண்டில் மறுபடி "இப்ப" என்றாள். ஒன்பது வந்ததும் நானே காரை நிறுத்தினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ஃபிளாஸ்க்கைத் திறந்தாள்.