வானம் அதேதான், எண் மட்டும் மாறுது

போன்ல அப்டேட் வந்தா 'அப்புறம் பாத்துக்கலாம்'னு தள்ளி விடுற ஆளா நீங்க? ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவுல அது செல்லுபடியாகாது.

வெப் நமக்கு அனுப்புறது அழகான படம் இல்லீங்க. ஒவ்வொரு பிக்சல்லயும் எவ்வளவு மின்னூட்டம் சேர்ந்துச்சுங்கிற எண், அவ்வளவுதான். அதுல டிடெக்டரோட சொந்த இரைச்சலைக் கழிச்சு, காஸ்மிக் கதிர் பட்ட தடத்தை நீக்கி, ஒளியின் அளவா மாத்துறது ஒரு பைத்தான் மென்பொருள். இலவசம்தான், நீங்களும் இறக்கிக்கலாம்.

2022 ஜூலையில் முதல் படங்கள் வந்ததுமே, மிகத் தொலைவான கேலக்ஸிகளைக் கண்டதாக் கட்டுரைகள் குவிஞ்சுது. கொஞ்ச நாள்லயே நியர்கேம் கேமராவின் அளவுத்திருத்தக் கோப்புகள் மாறின. பலர் கணக்கைத் திரும்பப் போட வேண்டியதாச்சு. அந்தத் தூரங்களை நிறத்தை வெச்சுத்தான் கணிச்சிருந்தாங்க. ஒரு ஃபில்டர்ல எண் நகர்ந்தா தூரமும் நகரும்.

ஹாஸ்டல்ல ஒரே கோப்பை ரெண்டு வெர்ஷன்ல ஓட்டிப் பாத்தேன். ஒரே நட்சத்திரம், ரெண்டு பிரகாசம்! அதனால என் ரிப்போர்ட்ல வெர்ஷன் எண்ணுக்குன்னே ஒரு வரி ஒதுக்கியிருக்கேன். "இதெல்லாம் எதுக்குப்பா?"ன்னு ரிவ்யூல கேட்டாங்க. அடுத்த வருஷம் இதே கோப்பை எடுக்கப்போற ஜூனியருக்குத்தான் சார்.