எந்த மீனை விடுவது?

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் நாங்கள் ஐவர் பீம்தாலுக்குச் செல்கிறோம். தில்லியிலிருந்து இரவு ரயிலில் காத்கோதாம். அங்கிருந்து குமாயூன் மலைப்பாதையில் சிறிது தொலைவு. ஏரியை நோக்கிய சிறு விடுதியொன்றில் மூன்று இரவுகள். மற்ற நால்வரும் சூழலியலிலும் வரலாற்றிலும் ஆய்வு செய்பவர்கள். மொழியியல் படித்தவள் நான் ஒருத்திதான். நோக்கம் மீன்பிடித்தல். ஆய்வேட்டின் நான்காம் இயல் அசையாமல் நிற்கும் வேளையில் இது தேவையா என்று என் நெறியாளர் கேட்கவில்லை. நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். ஆயினும் கடந்த மூன்று வாரங்களில் இப்பயணத்துக்கு ஆயத்தமாவதே தனியோர் ஆய்வாக வளர்ந்துவிட்டது. அதைப் பற்றியே இப்பதிவு. சற்று நீளம்; நண்பர்கள் பொறுத்தருள்க.

உடன்வரும் சூழலியல் நண்பர் முதலில் ஒரு பட்டியலை அனுப்பினார். ஏழடித் தூண்டிற்கோல், ரீல், பதினைந்து கிலோ இழுவை தாங்கும் நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, கோதுமை மாவு, நீண்ட மூக்குள்ள இடுக்கி, முடிச்சில்லாத ரப்பர் வலைக்கூடை, எதிர்முள் நசுக்கப்பட்ட தூண்டில் முட்கள். இவற்றுள் பல மீனைப் பிடிப்பதற்கானவை அல்ல, விடுவதற்கானவை என்பது ஒவ்வொன்றுக்கும் அவர் எழுதியிருந்த காரணங்களைப் படித்தபோதுதான் விளங்கியது.

தூண்டில் முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்த்திசையில் நிற்கும் சிறு கூர், சிக்கிய வாயைக் கழலவிடாது. அதை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால் நொடியில் கழற்றிவிடலாம். மெல்லிய நரம்பு வீரத்துக்கு அழகாக இருக்கலாம். ஆனால் அதைக் கொண்டு மீனை நெடுநேரம் அலைக்கழிக்க நேர்ந்தால் தசைகளில் அமிலம் சேர்ந்து, நம் கண்ணெதிரே நீந்திச் சென்ற மீன் பின்னர் எங்கோ ஆழத்தில் இறந்துபோகக்கூடும். உலர்ந்த கை பட்டால் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான படலம் உரிந்து நோய்த்தொற்றுக்கு வழியாகும். ஆகவே கையை நனைத்துக்கொண்டு, மீனை நீரிலேயே வைத்து முள்ளை நீக்கி, அது தானாக வாலடித்துப் புறப்படும்வரை தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தால் பிடுங்காமல் நரம்பை அறுத்துவிடுவதே நலம். வெயிலேறிச் சூடான நீரில் உயிர்வளி குறைவு. எனவே விடியற்காலையே ஏற்ற நேரம். மழைக்காலம் மகாசீர் முட்டையிடும் பருவம். அது முடிந்த பின்னரே தூண்டிலைத் தொட வேண்டும். அதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

இவற்றையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய்க் கரையில் அறுபது ஆண்டுகளாக மீன்பிடித்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிடிச்ச மீனை விடுறதுக்கு எதுக்குத்தா இம்புட்டுத் தூரம் போயிப் பிடிக்கணும்?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. என்னாலும் விடை சொல்ல இயலவில்லை. "கேட்டுச் சொல்றேம்ப்பா" என்று மட்டும் சொன்னேன்.

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று அது. எங்கள் வீட்டில் தூண்டில் என்பது குழம்புக்கான கருவி. கோடையில் கண்மாய் வற்றும்போது, ஊர் கூடி நாள் குறித்து, ஊத்தாவும் கச்சாவும் கொண்டு ஒரே நேரத்தில் இறங்கும் மீன்பிடித் திருவிழாவில் விளையாட்டும் உண்டு, ஆரவாரமும் உண்டு. ஆயினும் அது முடிவது அடுப்பில்தான். உண்பதற்காகக் கொல்வதை எங்கள் ஊர் ஒருபோதும் கொடுமையென்று கருதியதில்லை. பசியில்லாதவர் பொழுதுபோக்குக்காக ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்தி, அதன் அச்சத்தைக் கோல்வழியே உணர்ந்து மகிழ்ந்து, பின்னர் அருள்கூர்ந்து விடுவதைத்தான் அவ்வூரால் புரிந்துகொள்ள முடியாது.

இவ்விளையாட்டை ஆங்கிலேயர் கொண்டுவந்ததாகவே நான் எண்ணியிருந்தேன். அதற்குச் சான்றுகளும் உள. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில்மீன்பிடி பற்றி எழுதிய நூல் 1873இல் மங்களூரில் அச்சாயிற்று. ஜிம் கார்பெட், 1944இல் வெளிவந்த குமாயூன் ஆட்கொல்லிப் புலிகள் பற்றிய தம் நூலிலேயே, மகாசீர் மீனுக்கென ஓர் இயலை ஒதுக்கினார். ஆனால் வரலாற்று நண்பர் என்னைத் திருத்தினார். கல்யாணிச் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரால் வழங்கும் 12ஆம் நூற்றாண்டு வடமொழி நூலான மானசோல்லாசத்தில், அரசனின் பொழுதுபோக்குகளுள் ஒன்றாகத் தூண்டில்மீன்பிடி விரிவாகப் பேசப்படுகிறது. கோல், கயிறு, மீனுக்கேற்ற இரை என ஒவ்வொன்றும் அதில் உண்டு. ஆக, இது அயல்நாட்டு விளையாட்டு என்பதைவிட, அடுப்பைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவர்களின் விளையாட்டு என்பதே பொருத்தம். அவ்வரிசையில் இப்போது ஆய்வு உதவித்தொகை பெறும் நானும் சேர்கிறேன் என்பது சற்றே உறுத்துகிறது.

இனி மீனுக்கு வருவோம். பீம்தாலில் தூண்டில்காரர்கள் தேடுவது பொன்மகாசீர். உத்தராகண்டின் மாநில மீன் அது. உலக அளவில் அருகிவரும் இனங்களின் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களாலேயே இரையை நொறுக்கும். மழைக்காலத்தில் வெள்ளத்தை எதிர்த்து ஓடைகளில் ஏறிச் சென்று, கூழாங்கற்கள் நிறைந்த தெளிந்த நீரில் முட்டையிடும். ஆதலால் ஆற்றின் குறுக்கே எழும் ஒவ்வோர் அணையும் அதன் வழியை அடைக்கிறது. இவற்றோடு வெடி வைத்தும் நஞ்சிட்டும் பிடிக்கும் வழக்கம் வேறு. இவ்விரண்டையும் தடைசெய்த இந்திய மீன்வளச் சட்டம் 1897ஆம் ஆண்டிலேயே வந்தது. வழக்கம் இன்னும் ஒழியவில்லை. மீனை உயிருடன் விடும் தூண்டில்காரர் இருக்கும் கரையில் வெடி வைப்பவன் தயங்குவான் என்பது சூழலியல் நண்பரின் வாதம். அதில் உண்மை உண்டு. ஆயினும் அது காவலுக்கான நியாயமே தவிர, தூண்டிலுக்கான நியாயம் ஆகாது என்று எனக்குப் படுகிறது. காவலுக்குக் கோல் எதற்கு?

விடையை நான் என் துறையின் பக்கத்திலிருந்து தேட வேண்டியதாயிற்று. பொன்மகாசீரின் அறிவியற் பெயர் டோர் புடிடோரா. 1822இல் கங்கையாற்று மீன்களைப் பற்றி நூல் எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன் இட்ட பெயர். அந்நூலில் அவர் பல மீன்களுக்கு இலத்தீனில் புதுச்சொல் ஆக்கவில்லை. மீனவர் வழங்கிய பெயரையே எடுத்து இலத்தீன் உடை உடுத்தினார். ரோகு, ரோகிதா ஆயிற்று. கட்லாவும் மிருகாலும் ஏறத்தாழ அப்படியே நின்றன. இரு நூற்றாண்டுகளுக்கு முன் வங்கத்துக் கரைகளில் வலை வீசியவர்களின் சொற்கள் இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் சாய்வெழுத்தில் அச்சாகின்றன. அச்சொற்களைச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்கள்தாம் நமக்குத் தெரியாது.

பெயர் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்குக் காவிரி சான்று. காவிரியின் திமில் மகாசீர் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே தூண்டில்காரர்களிடையே புகழ்பெற்றது. 1946இல் கபினியில் பிடிபட்ட 120 பவுண்டு மீன் இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அம்மீன் அறிவியலில் எந்த இனம் என்பது 2018இல்தான் உறுதியாயிற்று. கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட டோர் ரேமாதேவி என்னும் இனமே அது என்று காட்டினார்கள். அதற்கிடையில், 1970களிலிருந்து, லோனாவலாப் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மகாசீர்க் குஞ்சுகள் நல்லெண்ணத்துடன் காவிரியில் விடப்பட்டு வந்தன. இரண்டுக்கும் மகாசீர் என்ற ஒரே பெயர் போதுமென்று இருந்ததால், ஒன்று பெருகி மற்றொன்று மறைவதை மகாசீர் பெருகுவதாகவே பலர் கண்டார்கள். பெயர் உறுதிப்பட்ட அதே 2018இல் திமில் மகாசீர் அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. பிடித்த மீனை விடுவது மட்டும் போதாது, எந்த மீனை எந்த நீரில் விடுகிறோம் என்றறிவதும் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட இயலாது.

குமாயூன் ஏரிகளிலும் இதன் சாயல் உண்டு. அங்கே மகாசீருடன், வெளியிலிருந்து கொண்டுவிடப்பட்ட சாதாக் கெண்டையும் வாழ்கிறது. இந்தியாவுக்குள் அதன் கண்ணாடிச் செதில் வகை நுழைந்த வழி நம்மவர்க்கு நெருக்கமானது: 1939இல் இலங்கையிலிருந்து உதகை ஏரிக்கு. சேற்றைக் கிளறி மேய்ந்து நீரைக் கலக்கும் இயல்புடையது அது. முட்டையிட ஓடும் நீரைத் தேடுவதில்லை. தேங்கிய நீரின் செடிகளே போதும். ஆகவே அணைகட்டிய ஏரியில் மகாசீருக்கு வாய்க்காத வசதி அதற்கு வாய்க்கிறது. மொழியில் கடன்சொல் புகுந்தால் பழைய சொல் அகராதியிலாவது எஞ்சும். நீரில் புகும் கடன்மீன் எப்போதும் அவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை. எங்கள் கண்மாயில் ஜிலேபிக் கெண்டையை ஊரின் சொந்த மீனென்றே நான் வளர்ந்தேன். திலேப்பியா 1952இல்தான் இந்தியாவுக்கு வந்தது. ஒரு தலைமுறைக்குள் தமிழ்ப் பெயரும் பெற்று, எவரும் ஐயுறாத உள்ளூர்க்காரனாகிவிட்டது.

இங்கேதான் அப்பாவின் கேள்விக்கு விடை கிடைத்தது, அதுவும் அவரிடமிருந்தே. அவர் பிடித்தவற்றையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அல்லர். குஞ்சுத் திரளுக்குக் காவலாகச் சுற்றும் விராலின் பக்கம் தூண்டிலைக் கொண்டுபோகவே மாட்டார். விரால் தன் குஞ்சுகளைக் கூடவே இருந்து காக்கும் மீன். தாய்தந்தையை எடுத்துவிட்டால் திரள் முழுவதும் பிற மீன்களுக்கு இரையாகும். சினை விரால் சிக்கினால் முணுமுணுத்துக்கொண்டே கழற்றி விடுவார். ஜிலேபியை ஒருநாளும் விட்டதில்லை. பிடிப்பது, விடுவது என்று இரண்டு அறங்கள் அவருக்கு இல்லை. இன்ன மீன், இன்ன பருவம், இன்ன நிலை என்று அறிந்து செய்வது என்ற ஒன்றே இருந்தது. விடுதற்கென்றே பிடிக்கும் எங்கள் பயணத்தில் குறைவது அந்த அறிவுதான், கருவிகள் அல்ல.

ஆகவே பயணத்திட்டத்தைச் சிறிது மாற்றியிருக்கிறோம். நாளுக்கு இரு மணி நேரமே தூண்டில். மகாசீர் எனில் நீரைவிட்டு எடுக்காமலே விடுவது. சாதாக் கெண்டை எனில், சீட்டின் விதி இடங்கொடுத்தால், விடுதிச் சமையலறைக்கு. இரண்டையும் பிரித்தறிய நான் மனப்பாடம் செய்திருக்கும் குறிப்பு எளியது. இரண்டுக்குமே வாயருகில் இரண்டு இணை மீசை இழைகள் உண்டு. அதனால் மீசையைப் பார்த்து முடிவு செய்யலாகாது. முதுகுத்துடுப்பைப் பார்க்க வேண்டும்: கெண்டைக்கு அது முதுகின் பெரும்பகுதிக்கு நீண்டிருக்கும், மகாசீருக்குக் குறுகியது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்பச் சரித்தா" என்றார். சற்றுப் பொறுத்து, "விட்ட மீனு திரும்ப வந்து கடிச்சா அதையும் எழுதி வை" என்றார்.

எஞ்சிய நேரத்துக்கு ஒரு கோடிட்ட ஏடு வாங்கியிருக்கிறேன். படகோட்டிகளிடமும் கரைவாழ் முதியவர்களிடமும் மீன்களின் குமாயூனிப் பெயர்களைக் கேட்டு எழுதுவது என் பங்கு வேலை. வளர்ந்த மீனுக்கு ஒரு பெயரும் குஞ்சுக்கு வேறொரு பெயரும் உண்டா, சினைமீனுக்குத் தனிச்சொல் உண்டா, வந்தேறி மீனை எப்பெயரால் அழைக்கிறார்கள், மகாசீர் என்ற சொல்லை அவர்களே வழங்குகிறார்களா அல்லது எங்களைப் போன்ற விருந்தினருக்காக மட்டுமா என்பன கேள்விகள்.

அவ்வேட்டின் பின்பகுதியை உங்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்க் கண்மாயிலோ ஆற்றிலோ குளத்திலோ, வலையில் விழுந்தாலும் விட்டுவிடும் மீன் எது? எந்த மாதத்தில் விடுவார்கள்? அதற்கு என்ன பெயர்? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் சொல்லை அவர்கள் உச்சரிக்கும்படியே எழுதி அனுப்புங்கள், ஊர்ப்பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.