ஏழு கிலோவுக்குள் ஒரு பிழைப்பு

பெங்களூர் விமான நிலையத்துக்கு கேமராவோடு வருகிறவர்களுக்குக் காட்டைவிடக் கடினமான இடம் ஒன்று உண்டு: தராசு.

விடியற்காலை நாலரை மணி. தேவனஹள்ளியில் பனி இன்னும் விலகவில்லை. கெம்பெகௌடா விமான நிலையத்தின் செக்-இன் வரிசையில் நிற்கிற கூட்டத்தில் புகைப்படக்காரர்களைக் கண்டுபிடிக்க ஜோதிடம் தேவையில்லை. குளிருக்குச் சம்பந்தமில்லாத, பத்துப் பன்னிரண்டு பைகள் வைத்துத் தைத்த ஒரு மேல்சட்டை. முதுகில் கறுப்புப் பை. பெரிய பெட்டியைக் கன்வேயரில் அலட்சியமாகத் தூக்கிப் போடுகிறவர்கள், இந்தப் பையை மட்டும் தூளியில் கிடக்கும் குழந்தையைத் தொடுவதுபோலத் தொடுகிறார்கள். கவுன்டரில் இருப்பவரின் பார்வை பையின் பக்கம் திரும்பும்போது முகத்தில் ஒரு செயற்கையான சாவகாசம். கனமே இல்லாததுபோல ஒரு தோளில் மாட்டிக்கொண்டு நிற்பது இந்தத் தொழிலில் தனிக் கலை.

கனம் இல்லாமலா? கணக்குப் போட்டால் தெரியும். பறவைகளையும் விலங்குகளையும் படமெடுப்பவர்கள் ஆசைப்படும் 600 மி.மீ. லென்ஸ் சுமார் 3.1 கிலோ. இரண்டு கேமராக்கள் ஒன்றரைக் கிலோ. சற்றே சிறிய 70-200 லென்ஸ் 1.1 கிலோ. லேப்டாப்பும் சார்ஜரும் ஒன்றே முக்கால் கிலோவைத் தாண்டும். இத்தனையையும் தாங்கும் பஞ்சு வைத்த பை, காலியாகவே இரண்டு கிலோ. மொத்தம் ஒன்பதரை. உள்நாட்டு விமானங்களின் சாதாரண வகுப்பில் கையோடு எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படுவது பெரும்பாலும் 7 கிலோ. அதுவும் ஒரே ஒரு பை.

இத்தனைக்கும் லென்ஸ் தயாரிப்பாளர்கள் கருணை காட்டியிருக்கிறார்கள். 1999ல் கேனன் வெளியிட்ட 600 மி.மீ. லென்ஸின் எடை சுமார் 5.4 கிலோ. 2018ல் அதே நிறுவனம் அதை மூன்று கிலோவுக்குக் கொண்டுவந்தது. விலை மட்டும் இளைக்கவில்லை. இன்று இந்த ரக லென்ஸ் பத்து லட்சம் ரூபாய்க்கு மேல். பலருக்கு அது வங்கிக் கடன், நண்பர்களிடம் கைமாற்று, மனைவியின் நகை என்று பல வழிகளில் திரண்ட பணம்.

அப்படியானால் பெரிய பெட்டியில் வைத்துக் கீழே அனுப்பிவிடலாமே? சாதாரணப் பயணிக்குத் தோன்றும் இந்த யோசனைக்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது பணம். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி தொலைந்தாலோ, உடைந்தாலோ, தாமதமானாலோ விமான நிறுவனத்தின் பொறுப்பு பயணி ஒருவருக்கு 20,000 ரூபாய்வரைதான். கேமரா, நகை போன்ற விலையுயர்ந்த பொருள்களைப் பெட்டியில் வைக்கவேண்டாம் என்று பல நிறுவனங்களின் பயண நிபந்தனைகளே சொல்கின்றன. வைத்தால் உங்கள் பாடு.

இரண்டாவது தடை நெருப்பு. கேமராவுக்கு உயிர் தரும் லித்தியம் பேட்டரி, உள்ளே பழுதுபட்டால் தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு எரியும். சரக்கறையில் உள்ள தீயணைப்பு வாயு மேலே தெரியும் சுடரை அடக்கும். பேட்டரிக்குள் தொடங்கிவிட்ட வெப்பத்தை நிறுத்தாது. அதே பேட்டரி பயணிகள் பகுதியில் புகைந்தால் சிப்பந்திகள் கண்ணில் படும். தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். 2010 செப்டம்பர் 3ம் தேதி துபாயிலிருந்து புறப்பட்ட யு.பி.எஸ். நிறுவனத்தின் 747 சரக்கு விமானத்தில் தீப்பிடித்தது. லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்குப் பகுதியில் தொடங்கிய தீ அது. விமானிகள் இருவரும் இறந்தார்கள். 2016 ஏப்ரல் முதல் பயணிகள் விமானத்தில் லித்தியம்-அயான் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதற்கே உலக அளவில் தடை.

பயணிகளுக்கான விதி எளிமையானது. உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் வரவேண்டும், பெட்டியில் கூடாது. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் உறையில் இருக்கவேண்டும். ஒரு பேட்டரியின் சக்தி 100 வாட்-மணிக்குள் என்றால் கவலையில்லை. 100க்கு மேல் 160 வரை என்றால் நிறுவனத்தின் முன் அனுமதியோடு இரண்டு மட்டும். அதற்கும் மேல் என்றால் வீட்டிலேயே விட்டுவிட வேண்டியதுதான். கணக்கு பள்ளிக்கூடப் பாடம்: வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கவேண்டும். சாதாரண கேமரா பேட்டரி 7.2 வோல்ட், 2.1 ஆம்பியர்-மணி, பெருக்கினால் சுமார் 15. சினிமா கேமராக்களின் பெரிய பேட்டரிகள் பலவும் 98, 99 என்று நூறின் விளிம்பில் வந்து நிற்பது தற்செயல் அல்ல.

ஆக, பாதுகாப்பு விதி மேலே கொண்டுவா என்கிறது. தராசு கீழே போடு என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர் கண்டுபிடித்த வழிதான் அந்த மேல்சட்டை. பையை நிறுப்பார்கள், ஆளை நிறுப்பதில்லை. கவுன்டருக்குப் பத்தடி முன்னால் பையிலிருந்து ஒரு லென்ஸ் வலது பாக்கெட்டுக்கும், பேட்டரிகள் இடது பாக்கெட்டுக்கும் இடம் மாறுகின்றன. ஒரு கேமரா கழுத்தில் ஏறுகிறது. கழுத்தில் ஏறுவது தந்திரம் மட்டுமல்ல. கைப்பைக்கு மேல் தனியாக எடுத்துச் செல்லக்கூடிய பொருள்கள் என்று வழக்கமாகத் தரப்படும் பட்டியலில் பெண்களின் கைப்பை, குடை, கைத்தடி ஆகியவற்றோடு ஒரு கேமரா அல்லது பைனாகுலருக்கும் இடம் உண்டு. பலருக்கு இது தெரியாது. கவுன்டரில் எல்லா நாளும் எடுபடும் என்றும் சொல்ல முடியாது.

தராசைத் தாண்டினால் பாதுகாப்புச் சோதனை. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் முன்னால் பை பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு லென்ஸும் தட்டில். அவசரக்காரர்கள் பின்னால் முணுமுணுக்க, கடை விரித்த வியாபாரியைப் போலக் கூச்சத்தோடு நிற்கவேண்டியிருக்கிறது. மின்னணுப் பொருள்களை வெளியே எடுக்கத் தேவையில்லாத சி.டி. ரக ஸ்கேனர் பெங்களூரின் இரண்டாவது முனையத்தில் 2023 இறுதியில் சோதனைக்கு வந்தது. டிஜிட்டல்காரர்களுக்கு நல்ல செய்தி. பிலிம் சுருள் போடுகிறவர்களுக்கு அல்ல. பழைய எக்ஸ்ரே கருவியில் ஒருமுறை போய்வந்தால் சாதாரண பிலிமுக்குப் பெரிய சேதம் வராது, சி.டி. ஸ்கேனரோ ஒரே தடவையில் பிலிமில் புகை படிந்தாற்போல ஆக்கிவிடும். சுருள்களைத் தனியாக ஒரு கண்ணாடித்தாள் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேட்பதே வழி. சம்மதிப்பது எதிரில் இருப்பவரைப் பொறுத்தது.

கடைசிக் கண்டம் விமானத்தின் வாசலில். பெங்களூரிலிருந்து சிறிய ஊர்களுக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். 72 விமானத்தில் தலைக்கு மேல் உள்ள அறைகள் சிறியவை. எழுபதுக்கு மேற்பட்ட பயணிகளும் ஆளுக்கொரு பை கொண்டுவந்தால் இடம் போதாது. படிக்கட்டடியில் பையை வாங்கிச் சீட்டு ஒட்டிச் சரக்கறைக்கு அனுப்புவார்கள். வாக்குவாதத்துக்கு நேரம் இல்லாத அந்த இடத்தில் மறக்கக்கூடாதது ஒன்றுதான்: பையைக் கொடுப்பதற்கு முன் உபரி பேட்டரிகள் கைக்கு வரவேண்டும். அனுபவசாலிகள் பேட்டரிகளையும் மெமரி கார்டுகளையும் ஒரு சின்னத் துணிப்பையில் போட்டு மேலாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

இதே ஊரில் வாழ்ந்து 2017ல் மறைந்தவர் டி.என்.ஏ. பெருமாள். இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான தமிழர். பந்திப்பூரும் நாகரஹொளேயும் சாலை வழியே எட்டும் தூரத்தில் இருப்பதால், பெங்களூரில் இந்தக் கலை செழித்ததில் வியப்பில்லை. இன்றைய தலைமுறைக்கு அந்த எல்லை போதவில்லை. காசிரங்காவின் காண்டாமிருகத்துக்கு குவாஹாட்டிக்கும், பனிச்சிறுத்தைக்கு லே நகருக்கும் பறக்கிறார்கள். லே ராணுவ விமான தளம்; விமானத்தின் ஜன்னல் வழியே அங்கே படமெடுப்பது குற்றம். புனே, ஜோத்பூர், பாக்டோக்ரா போன்ற இடங்களிலும் இதே நிலைதான்.

பெங்களூரில் இந்த விஷயம் தலைகீழாகிவிட்டது. 2008 மே மாதம் வரை நகரத்தின் விமானப் போக்குவரத்து முழுவதும் போர் விமானங்கள் தயாராகும் எச்.ஏ.எல். வளாகத்து ஓடுபாதையில்தான் நடந்தது. இன்று தேவனஹள்ளியில், 2022 நவம்பரில் திறக்கப்பட்ட இரண்டாவது முனையத்தில், மூங்கில் கூரையும் தொங்கும் தோட்டங்களும் படமெடுக்கச் சொல்லி அழைக்கின்றன. எல்லாப் பயணிகளும் செல்போனைத் தூக்குகிறார்கள். ஒன்பதரைக் கிலோ சுமந்து நிற்கிறவர் மட்டும் பையைத் திறப்பதில்லை. அடுக்கியதைக் கலைத்தால் திரும்ப அடுக்க அரை மணி நேரம்.

வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னொரு காகிதம் தேவை. கிளம்பும்போதே சுங்க அதிகாரிகளிடம் கேமரா, லென்ஸ்களின் வரிசை எண்களைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளவேண்டும். இல்லையேல் திரும்பும்போது, சொந்தப் பொருளையே வெளிநாட்டில் வாங்கியதல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு தலையில் விழும்.

திரும்பும் பயணத்தில் ஒரு வேடிக்கை. போகும்போது நெஞ்சோடு அணைத்துச் சென்ற பத்து லட்ச ரூபாய் லென்ஸ் இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது. லென்ஸுக்குக் காப்பீடு உண்டு. பணம் வந்தால் இன்னொன்று வாங்கலாம். காண்டாமிருகம் திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடியை, கல்யாணப் படக்காரர் என்றால் தாலி ஏறிய நொடியை, எந்தக் கம்பெனியும் ஈடுகட்டாது. அவை இருக்கும் மெமரி கார்டுகளின் எடை சில கிராம். எந்தத் தராசிலும் ஏறாமல், சட்டையின் உள் பாக்கெட்டில், பொத்தான் போட்டு மூடப்பட்டு அவை பெங்களூர் வந்து சேர்கின்றன.