அட்டைக் கிரீடம்

சென்ற ஆண்டு மகளின் பள்ளியில் மாறுவேடப் போட்டி. திருநாவலூரில் இருந்துகொண்டு வேறு யாருடைய வேடத்தைத் தேடுவது? இவ்வூரில் பிறந்த சுந்தரர்தான் என்று முடிவாயிற்று. சடையனாரும் இசைஞானியாரும் பெற்ற பிள்ளை தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடியதை நரசிங்க முனையரையர் கண்டு, தம் அரண்மனையில் வளர்த்தார் என்கிறது பெரியபுராணம். ஆகவே திருநீற்றோடு கிரீடமும் வேண்டும்.

அந்தப் பொறுப்பு என்னுடையது. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்கள் கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டுவார்கள். எடை குறைந்த மரம், விடியவிடிய ஆடவேண்டுமே. எனக்குக் கிடைத்தவை பழைய அட்டைப்பெட்டி, ஜிகினாத்தாள், மைதாப்பசை. மூன்று இரவுகள் ஒட்டினேன். உதவ வந்த மகளை, "தொடாதே, கெட்டுவிடும்" என்று விரட்டினேன்.

மேடையேறியதும் கிரீடம் அவள் கண்வரை இறங்கிவிட்டது. அவள் தலையை நான் அளக்கவேயில்லை. ஒரு கணம் திகைத்தவள், அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். ஓலையோடு வந்த முதியவரால் புத்தூரில் திருமணம் நின்றதையும், மணமகன் அவர் பின்னே திருவெண்ணெய்நல்லூர் சென்றதையும் தடுமாறாமல் சொல்லி முடித்தாள்.

சுந்தரரின் மணக்கோலத்தைச் சேக்கிழார் விரித்துப் பாடியிருப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்குகிறவன் நான். அந்த அலங்காரம் முடிவல்ல, தொடக்கம் என்றும் சொல்வேன். சொன்னவன் வீட்டில் வெறும் அலங்காரத்திற்கே பசை தடவிக்கொண்டிருந்திருக்கிறான்.

பரிசு கிடைக்கவில்லை. இந்த ஆண்டு ஔவையார் வேடமாம். நரைமுடிக்குப் பஞ்சு ஒட்டப்போவது அவள். பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்வது மட்டுமே என் வேலை.